பழைய ராணுவ லாரியின் கிளட்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றபின் வள்ளியூர்ப் பக்கம் சிறிய பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். ராணுவம் கழித்து, ஏலத்தில் கைமாறி வந்த சக்திமான் லாரி, நிசான் ஒரு டன் வண்டி, ஜோங்கா ஜீப் ஆகியவை கல்குவாரிகளிலும், கிரேன் ஏற்றிய ரெக்கவரி வண்டிகளாகக் காற்றாலைகள் இருக்கும் பணகுடி வட்டாரத்திலும் இன்னும் உழைக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் கைப்பேசியிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன். வண்டிக்கு வண்டி அளவுகள் மாறும். ஆகவே போல்ட் முறுக்கு அளவு போன்றவற்றுக்கு அந்தந்த வண்டியின் கையேட்டையே பார்க்க வேண்டும்.

அண்ணாச்சி, கிளட்ச் போயிட்டுன்னு எல்லாரும் சொல்லுதாவ. உள்ள அப்படி என்னதான் போகும்?

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலுக்கும், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பல்வரிசையில் கோத்த கிளட்ச் பிளேட் நசுங்கிப் பிடித்திருக்கும் வரை எஞ்சினின் இழுவை சக்கரத்துக்குப் போகிறது. பெடலை மிதித்தால் ஃபோர்க்கானது ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை (விரல் போன்ற நெம்புகளை) அழுத்த, பிடி விட்டுப்போகிறது. ‘கிளட்ச் போயிட்டு’ என்பது ஒன்று பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது, இல்லையென்றால் விடவேண்டிய நேரத்தில் விடாமல் இழுப்பது. இரண்டும் எதிரெதிரான நோய்கள், மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘பிளேட்டை மாத்திருவோம்’ என்று கியர்பாக்ஸை இறக்குவதால்தான் இரண்டாம் முறையும் இறக்க வேண்டியிருக்கிறது.

எஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. பிளேட்டு தேஞ்சிட்டுன்னு எப்படி உறுதி பண்ண?

சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முன்னால் ஆள் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, மேல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைச் சற்றே கொடுத்துப் பெடலை விடுங்கள். எஞ்சின் உடனே திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இந்தச் சோதனையை ஒரு முறை செய்தால் போதும். நாலு பேருக்கு நாலு முறை காட்டினால் மிச்சம் இருக்கும் பிளேட்டும் கருகிவிடும்.

வழுக்குகிறது என்று தெரிந்ததும் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். எடை ஏறுவதற்கு முன்னால் சுமார் ஓர் அங்குலம், அதாவது 20 முதல் 25 மில்லிமீட்டர், சும்மா போகவேண்டும். இதைத்தான் பெடல் விளையாட்டு என்கிறோம். விரல் வகை பிரஷர் பிளேட்டில் ஃபேசிங் (கிளட்ச் பிளேட்டின் முகத்தில் ரிவிட் அடித்த உராய்வுப் பட்டை) தேயத்தேய இந்த விளையாட்டு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போது நல்ல பிளேட்கூட வழுக்கும். களக்காட்டிலிருந்து வந்த ஒரு சக்திமானில் நான் செய்ததெல்லாம் லிவர்க் கம்பியின் நட்டைத் திருகி விளையாட்டைக் கொண்டுவந்ததுதான். அதற்கு முந்தைய வாரம் வேறோர் இடத்தில் அதற்குப் புதுப் பிளேட் விலை பேசியிருந்தார்கள்.

கியர் போட்டா ‘கர்ர்’னு கடிக்கு. இது கிளட்சா, கியர்பாக்ஸா?

பற்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் இல்லாத பழைய கியர்பாக்ஸில் அவசரப்பட்டால் நல்ல கிளட்சிலும் கியர் கடிக்கும். அதனால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் பெடலை முழுவதும் மிதித்து, பத்து எண்ணும் வரை காத்திருந்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நல்லபடியாக விடுகிறது. இரட்டைக் கிளட்ச் அடித்து, அதாவது நியூட்ரலில் ஒரு முறை பெடலை விட்டு மறுபடி மிதித்துக் கியர் மாற்றி, ஓட்டும் பழக்கம்தான் ஓட்டுநருக்கு வேண்டும். காத்திருந்தும் கடித்தால் பிளேட் விடவில்லை.

அப்படி விடாமல் இருப்பதற்கும் கியர்பாக்ஸை இறக்காமல் சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் பாருங்கள்: பெடல் விளையாட்டு அதிகமாகிப்போனது, லிவர் பின்கள் முட்டை வடிவில் தேய்ந்தது, ஹைட்ராலிக் வண்டியாக இருந்தால் குழாயில் காற்று புகுந்தது. மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டு வருபவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் இரண்டொரு நாளில் ஊறிப் பெருத்து, பெடல் கல்லாகிவிடும். பிறகு மாஸ்டர், ஸ்லேவ் என இரண்டு சிலிண்டர்களையும் கழற்றி ரப்பர் கிட் முழுவதையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சத்தத்தை வச்சே எது போயிட்டுன்னு சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். பெடலில் கால் பட்டதும் கீச்சென்று தொடங்கினால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்ட நிலையில் உறுமிக்கொண்டிருந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் முன் பேரிங். கியரில் போட்டு முழுவதும் மிதித்து வைத்திருக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்.

வெள்ளத்துல நின்ன வண்டி. எஞ்சின் ஸ்டார்ட் ஆயிட்டு, ஆனா கிளட்ச் சுத்தமா விடல. பிளேட்டு ஒட்டிக்கிட்டா?

ஒட்டித்தான் இருக்கும். 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம் வந்து வடிந்தபிறகு இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே இல்லை. ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, ஈரம் பட்ட ஃபேசிங் அதன்மேல் மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் துரு இரண்டையும் பசைபோல் பிடித்துவிடும். வடகிழக்குப் பருவமழை முழுக்க வேப்பமரத்தடியில் நிறுத்திவைத்த வண்டிக்கும் இதே கதைதான்.

எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்துங்கள். பெடலை முழுவதும் அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்து ஓர் இரவு விட்டுவைத்தால், பாதி வண்டிகளில் காலையில் ‘டக்’கென்று விட்டிருக்கும். விடவில்லையென்றால், தடையில்லாத வெட்டவெளியில், பெடலை மிதித்தபடி கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து, வண்டி நகர்ந்ததும் பெடலை விடாமலேயே ஆக்சிலேட்டரைக் கொடுத்தும் எடுத்தும் ஓட்டவேண்டும். முன்னும் பின்னுமாக வரும் அந்த உதறலில் துரு விடும். பிரேக் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் பிரேக்கும் நனைந்திருக்கும். கிளட்ச் கூட்டின் மேல் துளை வழியே மண்ணெண்ணெய் ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம். ஒட்டியது விடலாம், ஆனால் எண்ணெய் குடித்த ஃபேசிங் பிறகு பிடிக்காது.

பிளேட்டுல ஆயில் பட்டு வழுக்குது. தேரி மணலை ஒரு கை அள்ளிப் போட்டா பிடிக்கும்னு எங்க டிரைவர் சொல்லுதாரு. போடலாமா?

திசையன்விளைப் பக்கத்து ஓட்டுநர்கள் சிலர் இதை ஒரு மருத்துவம்போலவே சொல்வார்கள். மணல் போட்டால் வீடு வந்து சேரும் அளவுக்குப் பிடிக்கும் என்பது உண்மைதான். அந்தச் சிவப்பு மணல் ஃப்ளைவீலில் வரிவரியாகக் கோடு இழுத்துவிடும்; ரிலீஸ் பேரிங்குக்குள்ளும் புகுந்துவிடும். நூறு ரூபாய் ஆயில் சீலுக்காக வந்த வேலை ஃப்ளைவீலைக் கழற்றிக் கடையும் வேலையாக முடியும்.

ஆயில் பட்ட பிளேட்டை விட, அந்த ஆயில் எங்கிருந்து வந்தது என்பதே முக்கியம். கியர்பாக்ஸை இறக்கியதும் எதையும் துடைக்காமல், பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூட்டின்) அடியில் தேங்கியிருப்பதை விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கறுப்பாக, நீர்த்து, புகை வாடையோடு இருந்தால் எஞ்சின் ஆயில். கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் போயிருக்கிறது. கெட்டியாக, கந்தக நெடி மூக்கில் ஏறினால் கியர் ஆயில். கியர்பாக்ஸின் முன் கவர் சீலைப் பார்க்கவேண்டும். எங்கள் பட்டறைப் பையன் ஆர்வத்தில் முதலில் கம்ப்ரசரையும் டீசலையும் வைத்துக் கழுவிப் பளபளவென்று ஆக்கிவிட்டான். பிறகு எது கசிந்தது என்று தெரியாமல் இரண்டு சீலையும் மாற்ற வேண்டியதாயிற்று. பட்டறை தொடங்கிய புதிதில் நானே சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றி அனுப்பிய வண்டி ஒன்று, நாற்பதே நாளில் கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டு என் வாசலுக்கே திரும்பி வந்தது. இரண்டாம் முறைக்கு நான் கூலி வாங்கவில்லை.

ஆயில் குடித்த ஃபேசிங்கைப் பெட்ரோலில் கழுவியோ தீயில் காட்டியோ மீட்க முடியாது. மேலே காய்ந்ததுபோல் இருக்கும். சூடேறினால் உள்ளிருந்து மறுபடி கசியும்.

பெல் ஹவுசிங் அடியில ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா ஆயில் சொட்டுது. அடைச்சிரலாமா?

அடைக்கவே கூடாது. பல ராணுவ வண்டிகளில் அந்தத் துளைக்கென்றே திருகாணி மூடி ஒன்று உண்டு. ஆழமான நீரைக் கடக்கும்போது மட்டும் அதைப் போட்டு, கரையேறியதும் கழற்றிவிடவேண்டும் என்பது விதி. மற்ற நாள்களில் துளை திறந்திருந்தால்தான் சீலிலிருந்து கசியும் சொட்டு கீழே விழும். ஏலத்துக்குப் பிறகு வாங்கியவர்களுக்கு இது தெரியாது. சொட்டு நின்றால் கசிவு நின்றதாக எண்ணி மூடியைத் திருகிவிடுகிறார்கள். உள்ளே ஆயில் தேங்கித் தேங்கி, ஒருநாள் ஃப்ளைவீல் அதை வாரி பிளேட்டில் அடிக்கிறது. துளையில் சொட்டு தெரிந்தால், அது முந்தைய பதிலில் சொன்ன சீல்களைப் பற்றி வண்டி உங்களுக்குத் தரும் முன்னறிவிப்பு.

கியர்பாக்ஸை இறக்காம பிளேட்டை மாத்த வழியே இல்லையா? எங்ககிட்ட லிஃப்ட் கிடையாது.

வழியில்லை, ஆனால் லிஃப்ட்டும் தேவையில்லை. மூன்று ஆள், நல்ல செயின் பிளாக், இரண்டு நாள் போதும். இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக இருக்கும் வண்டிகளில் நடுவில் இருக்கும் குட்டை ஷாஃப்ட்டைக் கழற்றினால் கியர்பாக்ஸ் தனியாக வந்துவிடும். இரண்டும் ஒட்டியிருக்கும் வண்டிகளில் முன், பின் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகளையும் கழற்றவேண்டும், எடையும் இரட்டிப்பாகும். ஷாஃப்ட்டுகளின் ஃபிளாஞ்சில் (போல்ட் மாட்டும் விளிம்புத் தட்டில்) முன்னதாகவே உளியால் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறையில் கேபின் தரைப்பலகையை எடுத்துவிட்டு, இரண்டு பக்கக் கதவு வழியாகவும் வைரம் பாய்ந்த பனங்கட்டை ஒன்றைக் குறுக்கே கொடுத்து, இரு முனைகளையும் வெளியே கவட்டைக்கால்களில் ஏற்றி, அதில் செயின் பிளாக்கை மாட்டுகிறோம். பனையின் நடுப்பகுதி சோறுபோல் மென்மையானது. வெளிப்பக்கத்து வைரப் பகுதியை அறுத்தெடுத்த கட்டைதான் எடை தாங்கும். வண்டியின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்கவேண்டும், கருங்கல் வைக்கக் கூடாது. கல் எடையில் பிளந்து தெறிக்கும். எஞ்சினின் பின்பக்கம் தொங்கிவிடாமல் அதற்கும் ஒரு முட்டு வேண்டும். கியர்பாக்ஸ் தொங்கும்போது அதன் அடியில் எவரும், ஒரு நிமிடத்துக்கென்றாலும், தலையைக் கொடுக்கக் கூடாது.

உள்ள ஒரே கறுப்புத் தூசியா இருக்கு. கம்ப்ரசர்ல ஊதிரலாம்லா?

கூடாது. இந்த வண்டிகள் பிறந்த காலத்து ஃபேசிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கும். அந்தத் தூசியை ஊதினால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோயாகும். நாங்கள் இளவயதில் வாயில் துணிகூடக் கட்டாமல் ஊதியவர்கள்தான். அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். முகத்தில் வெறும் துண்டு போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும்.

செலவு கூடுதே, பிளேட்டை மட்டும் மாத்துனா போதாதா?

இரண்டு நாள் உழைத்து இறக்கியபின் மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இது. ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இரண்டு ஆயில் சீல் ஆகியவற்றை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பைலட் இடத்தில் வெண்கல புஷ் இருந்தால், குழிக்குள் கிரீஸை நிறைத்து, துளைக்குச் சரியாக இறங்கும் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கிரீஸுக்குப் போக்கிடம் இல்லாமல் அதுவே புஷ்ஷை வெளியே தள்ளிவிடும். புது ரிலீஸ் பேரிங்கை டீசல் தட்டில் போட்டுக் கழுவாதீர்கள். மூடிய பேரிங்கில் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துபோனால் திரும்ப வைக்க முடியாது.

பிரஷர் பிளேட்டைப் பார்த்து முடிவெடுக்கலாம். முகத்தில் நீலம் பாய்ந்திருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ, ஸ்பிரிங்குகளில் சில குட்டையாகிப் போயிருந்தாலோ அதுவும் மாறவேண்டும். நன்றாக இருந்தால் விரல்களின் உயரத்தை மட்டும் சரிபார்த்துப் போடலாம். எல்லா விரல்களும் ஒரே மட்டத்தில், அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடாமல் நிற்கவேண்டும். ஒன்று தாழ்ந்தாலும் பிளேட் கோணலாக விட்டு, வண்டி கிளம்பும்போது உதறும்.

ஃப்ளைவீலை லேத்துல குடுத்து ஒரு கட்டிங் எடுத்தா நல்லதுதான?

தேவையிருந்தால் மட்டும். நகத்தில் தட்டுப்படும் கோடு, நீலத் திட்டு, மேலோட்டமான சூட்டு வெடிப்பு இருந்தால் அது போகும் அளவுக்கு மட்டும் கடையலாம். ஆழமான வெடிப்பு இருந்தால் அந்த ஃப்ளைவீலை விட்டுவிட வேண்டும். பிளேட் உட்காரும் முகம் பள்ளமாகவும், பிரஷர் பிளேட் மாட்டும் விளிம்பு மேடாகவும் இருக்கும் ஃப்ளைவீலில், முகத்தில் எவ்வளவு கடைகிறோமோ அவ்வளவே விளிம்பிலும் கடையவேண்டும். இதை லேத்துக்காரரிடம் எழுதிக் கொடுங்கள். முகத்தை மட்டும் கடைந்தால் பிளேட் உள்ளே தாழ்ந்து, ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்து, புதுப் பிளேட் முதல் நாளிலேயே வழுக்கும்.

இதுக்கு ஸ்பேர் எங்க கிடைக்கும்? வேற லாரி பிளேட்டைப் போட்டா ஒத்துக்கிடுமா?

சக்திமான், ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் உரிமத்தோடு ஜபல்பூரில் 1959-இல் தொடங்கி 1990-களின் நடுப்பகுதி வரை செய்யப்பட்ட வண்டி. புதிய உறுப்புகள் கடையில் வரிசையாக இருக்காது. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உறுப்புச் சந்தைகளில் தேடலாம். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த ‘புது’ பிளேட்டானால் ஃபேசிங் நொறுங்குகிறதா, ரிவிட் துருவேறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் பழைய பிளேட்டின் நடுக்குடமும் (ஷாஃப்ட்டில் கோக்கும் நடுப்பகுதி) ஸ்பிரிங்குகளும் ஆட்டமில்லாமல் இருந்தால், லைனிங் கடையில் புது ஃபேசிங் ரிவிட் அடித்து வாங்குவதே நான் பெரும்பாலும் செய்வது. ரிவிட் தலை ஃபேசிங் மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கவேண்டும்.

வேறு லாரிப் பிளேட் என்றால் வெளிவிட்டம், கனம், பல்வரிசையின் எண்ணிக்கை, பல்லின் அளவு, நடுக்குடத்தின் உயரம் ஆகிய ஐந்தும் ஒத்திருக்கவேண்டும். நான்கு ஒத்திருந்து ஐந்தாவது ஒத்துவராத பிளேட்டை எத்தனையோ பேர் வாங்கி வந்து என் பட்டறையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மாட்டும்போது கியர்பாக்ஸ் ஒரு இஞ்சு வெளியவே நிக்கி. போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துரலாமா?

இழுத்தால் கியர்பாக்ஸில் போல்ட் போகும் காது உடையும், அல்லது பிளேட்டின் நடுக்குடம் நெளியும். பிரஷர் பிளேட்டை இறுக்கும் முன் பிளேட் நடுவில் நிற்கவில்லை என்பதுதான் காரணம். அதற்கு ஒரு டம்மி ஷாஃப்ட் வேண்டும். பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிடைத்தால் நல்லது. எங்களிடம் இருப்பது, அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடையும் ஒருவர் தேக்கில் கடைந்து கொடுத்தது. முனை பைலட் புஷ்ஷுக்குள் இறுக்கமாகப் போகும்படியும், அடுத்த படி பிளேட்டின் பல்வரிசைக்குள் ஆடாமல் நிற்கும்படியும் இரண்டு அளவு சொன்னோம். பிள்ளைகள் விளையாடும் சொப்பின் அதே வழவழப்போடு அரக்குச் சாயமும் ஏற்றிக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக அதுதான் ஓடுகிறது.

அதை நட்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாக இறுக்கி, பிறகு டம்மியை உருவுங்கள். நீளமான இரண்டு போல்ட்டுகளின் தலையை வெட்டி, பெல் ஹவுசிங்கின் இரு பக்கத் துளைகளிலும் வழிகாட்டியாகத் திருகிக்கொண்டால் கியர்பாக்ஸ் அவற்றின்மேல் வழுக்கி நேராக உள்ளே வரும். கடைசி அங்குலத்தில் நின்றால் கியரில் போட்டு, பின் ஃபிளாஞ்சைக் கையால் சற்றே திருப்புங்கள். பல்லோடு பல் சேர்ந்துவிடும். எந்த நிலையிலும் கியர்பாக்ஸின் எடை பிளேட்டில் தொங்கக் கூடாது. பல்வரிசையில் கிரீஸைத் தடவித் துடைத்தபின் மிஞ்சும் மினுமினுப்பு போதும். கூடினால் பிளேட்டில்தான் தெறிக்கும்.

எல்லாம் புதுசு போட்டாச்சு, விளையாட்டும் வச்சாச்சு. ஆனாலும் கியர் விழல. என்ன அண்ணாச்சி செய்ய?

முதல் சந்தேகம், பிளேட்டைத் திருப்பி மாட்டியிருப்பது. நடுக்குடத்தின் நீண்ட பக்கம் எந்தத் திசை என்பதைக் கழற்றும்போதே சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைக்காதவர்களுக்கு இது நேரும். குடம் ஃப்ளைவீல் போல்ட்டுகளில் இடித்து, பெடலை மிதித்தாலும் பிளேட் விடாது. இரண்டாவது, கடைசி அங்குலத்தில் யாரோ போல்ட்டால் இழுத்து நெளிந்த பிளேட். மூன்றாவது, ஃபோர்க் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்து, பெடலின் பயணத்தில் பாதி அந்த ஆட்டத்திலேயே வீணாவது. வெளியே இருக்கும் லிவர் எவ்வளவு நகர்கிறது என்று ஓர் ஆளை மிதிக்கச் சொல்லி அளவுகோலால் அளந்தால் மூன்றாவது உடனே தெரியும். முதல் இரண்டுக்கும் மறுபடி இறக்கித்தான் ஆகவேண்டும்.

நடுவழியில கிளட்ச் சுத்தமா போயிட்டுன்னா வண்டியை ஓட்டி வர முடியுமா?

விடாத கிளட்ச் என்றால் முடியும். டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாழ்வரிசையில் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் நிலையில்) போட்டு, முதல் கியரில் வைத்தே ஸ்டார்ட்டரைக் கொடுத்தால் வண்டி ஊர்ந்து கிளம்பும். மேலே மாற்றும்போது ஆக்சிலேட்டரை விட்டு நியூட்ரலுக்கு வந்து, எஞ்சின் வேகம் இறங்கும் கணத்தில் அடுத்த கியரை விடவேண்டும். நாலு வழிச்சாலையிலும் ஊருக்குள்ளும் இதைச் செய்யாதீர்கள். ஆளைப் பார்த்து நிறுத்த முடியாது. வழுக்கும் கிளட்ச் என்றால் சுமையை இறக்கிவிட்டு மெதுவாக வரப் பாருங்கள். கருகும் வாடை வந்தபின்னும் ஓட்டினால் ஃப்ளைவீலும் போய்விடும்; இழுத்துவரச் சொல்வதே மலிவு.

போன பிளேட்டு ஆறு மாசம்கூட வரலையே. பட்டாளத்துல பத்து வருசம் ஓடுனதுன்னாவ?

பட்டாளத்தில் அதை ஓட்டியவர் பெடலிலிருந்து காலை எடுத்து வைத்திருப்பார். நான் பார்த்தவரை, குவாரியில் ஓடும் வண்டிகளில் ஓட்டுநரின் இடது கால் நாள் முழுக்கப் பெடலிலேயே இருக்கிறது. பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் மலைப்பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிடும்போது பிரேக் பிடிக்காமல் பாதிக் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைக்கிறார்கள். சுமையும் வண்டியின் கணக்குக்கு மேல். கருங்கல் ஏற்றிக்கொண்டு குழியிலிருந்து மேலேறும்போது இரண்டாம் கியரில் கிளம்பாமல், தாழ்வரிசையில் முதல் கியரில் கிளம்பச் சொல்லுங்கள். அந்த நெம்புகோல் அதற்காகத்தான் இருக்கிறது, பலர் அதைத் தொட்டதே இல்லை.

மாதம் ஒரு முறை பெடல் விளையாட்டை அளந்து கேபின் கதவின் உட்புறம் தேதியோடு எழுதி வைக்கச் சொல்கிறேன். 25-இல் தொடங்கிய அளவு 10-க்கு வந்துவிட்டதென்றால், இரண்டாம் பதிலில் சொன்னபடி நட்டைத் திருகவேண்டிய நாள் அது. திருகுவதற்கு மரையே மிச்சமில்லாத நிலை வந்தால் பனங்கட்டையைத் தேடலாம்.